கிழங்கும் மீனும் தட்டில் இருக்கட்டும்: குமரி மாவட்டத்து வீடுகளுக்கான கல்லீரல் கொழுப்புக் கையேடு

வயிற்று ஸ்கேன் அறிக்கையின் அடியில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று ஒரு வரி இருக்கும். கூடவே அச்சடித்த உணவுத் தாள் ஒன்றும் கைக்கு வரும்: காலையில் ஓட்ஸ், மதியம் இரண்டு சப்பாத்தி, இரவு சாலட். கருங்கலிலோ குளச்சலிலோ உள்ள ஒரு வீட்டில் அந்தத் தாள் பத்து நாள் தாங்கினால் அதிகம். வீட்டுக்கெல்லாம் மரச்சீனிக் கிழங்கும் சாளை (மத்தி மீன்) கறியும் வேகும்போது ஒருவருக்கு மட்டும் ஓட்ஸ் கிண்டுவது நடக்கிற காரியமில்லை. அதற்கு அவசியமும் இல்லை. நம் சாப்பாட்டில் கல்லீரலைக் கெடுப்பவை ஐந்து: சோறும் கிழங்கும் விழுகிற அளவு, சாயாவில் போகிற சீனி, நாலு மணிப் பலகாரம், கணக்கில்லாத தேங்காய், குடி. மீன், பயறு, கீரை, துவரன் (பொரியல்) எல்லாம் காப்பவை. இந்த இரண்டு கூட்டத்தின் அளவையும் வீட்டு அடுப்பிலேயே எப்படி மாற்றுவது என்பதுதான் இனி வருவது.

முதலில் நிலைமையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிரேடு என்பது கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்ற தோராயக் கணிப்பு. கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கிவிட்டதா என்பதை அது சொல்லாது. ஆபத்து தழும்பில்தான் இருக்கிறது. கிரேடு 1 என்று நிம்மதியாக இருப்பவருக்குத் தழும்பு இருக்கலாம்; கிரேடு 2 என்று பயந்துபோனவருக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

தழும்பைக் கணிக்க ஃபிப்-4 என்ற கணக்கு இருக்கிறது. வயதோடு, சாதாரண ரத்தப் பரிசோதனையில் கிடைக்கும் மூன்று எண்கள் போதும்: எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு, பிளேட்லெட் என்ற ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை. வயதை எஸ்ஜிஓடி அளவால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை எஸ்ஜிபிடி-யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். ஆய்வக அறிக்கையில் பிளேட்லெட் 2 லட்சம் என்று இருந்தால் கணக்கில் 200 என்று போட வேண்டும்; பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். 45 வயது, எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2 லட்சம் என்று வையுங்கள். 45 × 40 = 1800. 64-இன் வர்க்கமூலம் 8; 200 × 8 = 1600. விடை 1.125. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. வீட்டு மாற்றங்களோடு தொடரலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. இடைப்பட்ட எண் வந்தால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பாருங்கள். 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவரைப் பார்க்காமல் எந்த உணவுமுறையும் தொடங்க வேண்டாம். முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமில்லை.

எஸ்ஜிபிடி சரியாக இருக்கிறது, அதனால் ஈரலும் சரி என்று நினைக்காதீர்கள். கொழுப்பும் தழும்பும் இருந்தும் அந்த எண் இயல்பாகவே இருக்கலாம். ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் ஒரு தடவையாவது பரிசோதித்துவிடுவது நல்லது. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும்போது, ஸ்கேனில் இப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள். சர்க்கரை நோயும் கல்லீரல் கொழுப்பும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன.

கண் மஞ்சளாவது, வயிறு நீர்கோத்து வீங்குவது, கால் வீக்கம், கறுப்பு மலம், ரத்த வாந்தி, பேச்சில் குழப்பம்: இவற்றில் எது வந்தாலும் இந்தக் கையேட்டை மூடிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையோ அருகில் உள்ளதோ.

எவ்வளவு எடை குறைய வேண்டும்

உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 சதவீதத்தில் அழற்சி தணியும். 10 சதவீதத்தில் தழும்பே குறைய வாய்ப்பு உண்டு. 78 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ. ஆறு மாதத்தில் அதைக் குறைக்க வாரத்துக்குக் கால் கிலோ போதும். ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பவர்களுக்கு 3 முதல் 5 சதவீதமே பலன் தரும். எடையைவிட இடுப்புச் சுற்றளவு அவர்களுக்கு நல்ல அளவுகோல். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது நம் நாட்டவருக்கான எல்லை. டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட பிறகு பாருங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு பார்த்தால் நம்மை நாமே ஏமாற்றுகிறோம்.

பட்டினி கிடந்தோ ஜூஸ் மட்டும் குடித்தோ ஒரே மாதத்தில் எட்டுக் கிலோ குறைப்பது வேண்டவே வேண்டாம். உடல் கொழுப்பு அவ்வளவு வேகமாகக் கரைந்தால் அதுவும் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். அழற்சி கூடும், பித்தப்பையில் கல் சேரும்.

சோறு, கிழங்கு, புட்டு

தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தையும் சீனியையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. எண்ணெயே தொடாதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு ஏறுவது அதனால்தான்.

ஒரே ஒரு நாள் செய்யுங்கள்: வழக்கமாகப் போடுகிற சோற்றைத் தட்டில் போட்டு, சமையலறைத் தராசில் வையுங்கள். தட்டின் எடையைக் கழித்தால் பலருக்கும் 400 கிராமுக்கு மேல் காட்டும். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு மதியம் வெந்த சோறு 150 முதல் 200 கிராம் போதும்; ரப்பர் பால்வெட்டு, கட்டட வேலை, வள்ளம் இழுப்பது என்று உழைப்பவருக்கு 300 வரை போகலாம். அந்த அளவு உங்கள் வீட்டு அகப்பையில் எத்தனை என்று பார்த்து வைத்துக்கொண்டால் தராசு பிறகு தேவைப்படாது. சிவப்புச் சம்பா அரிசியானால் நல்லதே. ஆனால் சிவப்பரிசி என்பதற்காக அளவைக் கூட்டினால் பலன் ஓடிப்போகும். சப்பாத்திக்கு மாறியவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். ஐந்து சப்பாத்தி ஒரு பெரிய தட்டுச் சோற்றுக்குச் சமம்.

கிழங்கைச் சோற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சோற்றுக்குப் பதிலாக வையுங்கள். அவித்த மரச்சீனி 150 கிராமில் 45 முதல் 50 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, புரதமோ இரண்டு கிராம்கூடத் தேறாது. அதனால் கிழங்கு மட்டும் தின்று வயிறு நிறைந்தால் சீக்கிரம் பசிக்கும். கூடவே நாலைந்து சாளை போட்ட முளகுக் கறியும் ஒரு கரண்டி முருங்கைக்கீரைத் துவரனும் இருக்கட்டும். பேச்சிப்பாறைப் பக்கத்து மலைக் குடியிருப்புகளில் மீன் எளிதில் வராத நாளில் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் அவித்த பயறோ அந்த இடத்தை நிரப்பும். கிழங்கு வெந்த தண்ணீரைக் கொட்டுவது அதிலுள்ள நச்சுத்தன்மை போவதற்கு. அதை விடாமல் செய்யுங்கள். ஆனால் தண்ணீரைக் கொட்டினால் மாவுச்சத்தும் போய்விடும் என்று நம்பி அளவைக் கூட்ட வேண்டாம்.

புட்டுக்கு இன்னும் கவனம் தேவை. ஒரு குழலுக்கு ஏறத்தாழ 100 கிராம் மாவு போகிறது. அதோடு பழமும் சீனியும் பப்படமும் சேர்ந்தால் காலை உணவு முழுக்க மாவும் இனிப்பும்தான். அரைக்குழல் புட்டு, ஒரு கிண்ணம் நிறையச் சிறுபயறு அல்லது கடலைக்கறி என்று மாற்றுங்கள். அடுக்குக்கு அடுக்கு தேங்காய் போடும் இடத்தில் பாதிக்கு நறுக்கிய முருங்கைக்கீரையோ துருவிய காரட்டோ போடலாம். புட்டு உதிராமல் வரும், குழந்தைகளும் சாப்பிடுவார்கள். ஆப்பமும் இடியாப்பமும் இரண்டு அல்லது மூன்று. தொட்டுக்கொள்ளச் சீனிபோட்ட தேங்காய்ப்பாலுக்குப் பதில் முட்டைக்கறி.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளைமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைப் பாதியாக்கக் கூடாது. மருந்து பழைய அளவிலேயே வேலை செய்யும்; ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கி மயங்கி விழ நேரிடும். மருந்தளவைச் சரிசெய்துகொண்டு அதே வாரத்தில் சோற்றைக் குறையுங்கள்.

சாயாவும் நாலு மணியும்

ஒரு நாளில் நாலு சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் 40 கிராம். மாதம் ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நேரே நிறுத்த முடியாதவர்கள் வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்தால் ஒரே மாதத்தில் நாக்கு பழகிவிடும். கடையில் 'விதவுட்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிளாசில் சீனி விழுந்த பிறகு சொல்லிப் பயனில்லை. சீனி போடாத கடுங்காப்பி நாளுக்கு இரண்டு மூன்று குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாகவே காணப்படுகிறது. தூக்கம் கெடாதவர்களும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் உள்ளவர்களும் அதைத் தாராளமாகக் குடிக்கலாம்.

கருப்பட்டியைப் பற்றி மனம் நோகாமல் சொல்வது கடினம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். நம் பனையின் பெருமை வேறு, கல்லீரலின் கணக்கு வேறு. கருப்பட்டியும் தேனும் அக்கானியும் (பதநீர்) கல்லீரலுக்குப் பெரும்பாலும் சீனிதான். ஒரு டம்ளர் அக்கானியில் 20 கிராம் சீனிக்குக் குறையாது. பருவகாலத்தில் ஒரு நாள் அரை டம்ளர் ஆசைக்குக் குடிக்கலாம். தினமும் மருந்துபோலக் குடிப்பது கூடாது. நுங்கு பரவாயில்லை, அளவோடு.

நாலு மணிக்கு ஏத்தம்பழ (நேந்திரம்பழ) பஜ்ஜி ஒன்று தின்றால் இருநூறு கலோரிக்குக் குறையாது. ஏத்தங்காய் வற்றல் 100 கிராமில் 500-க்கு மேல். வற்றல் பாக்கெட்டைப் பிரித்தால் பாதியில் நிறுத்துகிறவர் குறைவு, ஆகவே வீட்டில் வாங்கி வைக்காதிருப்பதே வழி. முந்திரிக்கொத்தில் சிறுபயறு இருப்பதால் நல்லது என்று ஏமாறக் கூடாது. பாகும் எண்ணெயும் அதில் பயற்றைவிடக் கனமானவை. அந்த நேரத்துக்கு அவித்த கடலை, சுண்டல், ஒரு மட்டிப்பழம், வறுக்காத கைப்பிடி நிலக்கடலை போதும். மட்டி சின்னப் பழம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ச் சொத்து. ஒரு பெரிய ஏத்தம்பழம் மூன்று மட்டிக்குச் சமம், அதனால் ஏத்தனை ஒரு நேரத்துக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காயும் எண்ணெயும்

தேங்காய் இல்லாமல் குமரிச் சமையல் இல்லை, யாரும் அதை விடச் சொல்லவில்லை. ஆனால் தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அளவுக்கு மேல் உண்ணும்போது மற்ற கொழுப்பைவிட நிறைவுற்ற கொழுப்பே கல்லீரலில் அதிகம் படிகிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு முறி போதும், முழுத்தேங்காய் வேண்டாம். ஒரு வேளைக்குத் தேங்காய் அரைத்த கறி ஒன்றுதான்: மதியம் தீயல் என்றால் கூட அவியலும் துவையலும் வேண்டாம்; துவரனுக்குத் தூவுவது இரண்டு கரண்டி. தேங்காயை வறுத்து அரைக்கும்போது எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் சிறுதீயில் வறுத்தாலும் நிறமும் மணமும் வரும்.

எண்ணெய்க்கு எளிய கணக்கு: நாலு பேருக்கு மாதம் எல்லா எண்ணெயும் சேர்த்து 2 லிட்டர். பாட்டிலைத் திறக்கிற அன்று தேதியை அதன் மேல் எழுதுங்கள். லிட்டர் பாட்டில் பத்தாம் நாளே காலியானால் எங்கே போகிறது என்று தேடலாம். பெரும்பாலும் மீன் பொரிப்பதில்தான் போயிருக்கும். பொரிக்க வேண்டுமென்றால் மசாலா தடவிய மீனைத் தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் மூடிபோட்டு இரண்டு பக்கமும் திருப்பி எடுங்கள், அல்லது வாழையிலையில் பொதிந்து சுடுங்கள். சாளை, அயிலை, நெத்திலி இவற்றின் கொழுப்பு இதயத்துக்கும் நல்லது, விலையும் ஏழைக்கு எட்டும். வாரத்தில் மூன்று நாலு நாள் கறியாக வைத்துச் சாப்பிடுங்கள். கருவாடு உப்பு மிகுதி. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எப்போதாவது மட்டும்.

புரோட்டாவும் பீஃப் ரோஸ்டும் மாதம் ஒருமுறை, ஒரு புரோட்டாவோடு நிற்கட்டும்.

நோன்பு, தவக்காலம், விருந்து

ரமலான் நோன்பு, தழும்பு முற்றாதவர்களின் கல்லீரலுக்குத் தீங்கில்லை. ஒழுங்காகப் பிடித்தால் எடை குறைய உதவும். கெடுப்பது நோன்பு திறக்கும் நேரம். ஒன்றோ இரண்டோ பேரீச்சம்பழமும் தண்ணீரும், ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சியும் எடுத்துக்கொண்டு தொழுதுவிட்டு வந்தால் பசியின் வேகம் அடங்கியிருக்கும். கஞ்சியில் சிறுபயறையும் வெந்தயத்தையும் கூட்டி, அரிசியையும் தேங்காய்ப்பாலையும் குறையுங்கள். சர்பத் வேண்டாம், சமோசாவோ வடையோ ஒன்று. தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து வந்து இரண்டாவது முழுச்சாப்பாடு சாப்பிடுவதுதான் நோன்பு மாதத்தில் எடை ஏறக் காரணம். விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் முட்டை, பயறு, கொஞ்சம் சோறு, தயிர் என்று இருந்தால் பகல் தாங்கும். சர்க்கரை மருந்து எடுப்பவர்கள் பிறை பார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தவக்காலம் கிறிஸ்தவ வீடுகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு. இறைச்சியும் குடியும் ஏற்கெனவே நிற்கிற காலம் அது. கூடவே சீனியையும் சேர்த்து ஒறுத்தால் போதும். திருநீற்றுப் புதன் அன்று எடை பார்த்துக் குறித்து வையுங்கள், ஈஸ்டரன்று மறுபடியும் பாருங்கள். இரண்டு கிலோ குறைய நியாயம் இருக்கிறது. ஈஸ்டர் விருந்தோடு எல்லாம் பழையபடி ஆகிவிடுவதே வழக்கம். பெந்தெகொஸ்தே வரை உள்ள ஏழு வாரத்துக்கும் சீனியையும் குடியையும் மட்டுமாவது நீட்டினால் மூன்று மாதம் நிறைவாகக் கிடைக்கும். கல்லீரலில் மாற்றம் தெரிய அது போதுமான காலம்.

கல்யாணத்திலும் கோவில் அன்னதானத்திலும் ஆலய அசன விருந்திலும் சாப்பிடாமல் எழுந்துவர முடியாது. பருப்புக்குப் போட்ட சோற்றிலேயே ஒரு பாதியைச் சாம்பாருக்கு ஒதுக்கிவிடுங்கள், மறுசோறு வாங்காதீர்கள். அவியல், துவரன், பச்சடியை இரண்டாம் தடவையும் வாங்கலாம். மூன்று பாயசம் வந்தால் பிடித்தது ஒன்று, அரை டம்ளர். போளி வேண்டாம்.

உடலுழைப்பு, தொழிலுக்கு ஏற்றபடி

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை பொதுவான அளவு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். எடை குறையாவிட்டாலும் நடையே கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம், அதனால் பல மாதம் நடை தடைப்படும். அந்த நாளில் நாற்காலியில் கைகொடுக்காமல் உட்கார்ந்து எழுவது பத்துத் தடவை, சுவரைக் கையால் தள்ளி வருவது பத்துத் தடவை, இரண்டையும் மும்மூன்று சுற்று வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன் வெறும் சாயாவோடு போய், பத்து பதினொரு மணிக்கு வந்து இரண்டு வேளைக்குள்ளதை ஒன்றாகச் சாப்பிடுகிறார். அவித்த முட்டையும் ஒரு பழமும் தூக்குவாளியில் எடுத்துப்போனால் அந்தப் பசி இராது. தூத்தூர், வள்ளவிளைப் பகுதிகளிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடல் போகிறவர்களுக்குப் படகில் ஏற்றும் சாமான் பட்டியலே உணவுமுறை: சீனியைப் பாதியாக்கி, சிறுபயறு, கொண்டைக்கடலை, முட்டை, முட்டைக்கோஸ், காரட், எலுமிச்சை ஏற்றுங்கள். இவை கெடாமல் தாங்கும். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் இவர்களுக்கு எடை ஏறுகிறது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்குக் கரையான சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. உழைப்பு நின்றதும் சோறும் பாதியாக வேண்டும்.

குடியும் மூலிகையும்

ஒரு குவாட்டர் பிராந்தியில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால், 650 மில்லி சாதாரண பீரில் 25 கிராம். பீர் லேசானது என்று இரண்டு குடித்தால் கிட்டத்தட்ட ஒரு குவாட்டரை நெருங்கிவிடும். கல்லீரலில் கொழுப்பு உள்ளவருக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை, நிறுத்துவதே சரி. தினமும் பல ஆண்டாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

கீழாநெல்லி கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. சீந்தில் கொடி குடித்துக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கொலஸ்ட்ராலுக்கு என்று பிலிம்பிக்காய்ச் சாற்றைச் செறிவாகக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் கேரளத்தில் உண்டு. மீன்கறியில் புளிக்குப் போடுகிற அளவு பயமில்லை, டம்ளரில் குடிப்பதுதான் ஆபத்து. வைத்தியரிடம் ஏதேனும் எடுத்துவந்தால் அதன் பெயரை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மறுபடி எப்போது பார்ப்பது

எடையை வாரம் ஒரே நாள், காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். மூன்றாம் மாதம் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி). ஸ்கேனை ஆறு மாதம் ஆகும்முன் மறுபடி எடுத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம். எடை குறைந்தும் எஸ்ஜிபிடி இறங்கவில்லையென்றால் வேறு மாத்திரைகள், தைராய்டு, மறைந்திருக்கும் ஹெபடைடிஸ் ஆகியவற்றைத் தேடச் சொல்லுங்கள். எடையே குறையவில்லையென்றால் மூன்று நாளைக்கு வாயில் போனதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள், சாயாக்கடையில் நின்றபடி தின்ற ஒரு ரசவடையையும் சேர்த்து. ஆறாம் மாதம் ஃபிப்-4 கணக்கை மறுபடி போட்டு, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி, அந்தத் தாளையே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.